ஆழமும் அறிவும்

நம்மவர் வாயில் வழங்கும் பழமொழிகளுள் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை பல உண்டு. “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பது ஒன்று. “துணிந்தவனுக்குச் சமுத்திரமும் முழங்கால்” என்பது மற்றொன்று. சமயத்திற்கேற்ப எடுத்து வீசுவதற்கு இரண்டும் வசதியாயிருப்பதால், இவற்றுள் எது மெய், எது பொய் என்று நாம் ஆராய்வதில்லை. நானும் ஆராய்ந்தவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் வீட்டில் நிகழ்ந்த ஒரு சம்பவமே என்னை ஆராயும்படி செய்தது. அச்சம்பவத்தையும், அதன் காரணமாக நான் படித்தறிந்த விஷயங்களையும் வாசகர்கள் முன் வைப்பது என் கடமை என்று கருதுகிறேன். ஏனெனில் அன்று நேர்ந்த குற்றத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

என் தமக்கையும் அவள் கணவரும் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டபின் துறைமுகப் பட்டணமொன்றில் குடியேறினார்கள். அவர்களுடைய ஒரே மகன், ஸ்கூபா எனப்படும் சுவாசக் கருவியை முதுகிற் சுமந்து கடலுக்கடியில் இறங்கும் தொழிலைக் கற்றுக்கொண்டான். கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவது, சுழல்விசிறியில் சிக்கிய கயிற்றை அறுப்பது, நீரில் விழுந்த பொருளைத் தேடியெடுப்பது, இவைதாம் அவன் வேலை. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று வீட்டில் ஒரு சிறு விருந்து நடந்தது. தாய் அஞ்சினாள். நான் எழுந்து நின்று, “நம் பிள்ளைகள் எத்தனை காலந்தான் மரத்தடியிலேயே நிற்பது? துணிந்தவனுக்குச் சமுத்திரமும் முழங்கால்!” என்று ஒரு பிரசங்கம் செய்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மருமகன் தலை நிமிர்ந்து புன்னகை செய்தான். அப்புன்னகை இன்றும் என் கண்முன் நிற்கிறது.

பின்னர் ஒரு நாள், அறுந்து விழுந்த நங்கூரமொன்றைத் தேடுமாறு அவனை அனுப்பினார்கள். ஆழம் 35 மீட்டர். காலையில் ஒரு முறை இறங்கினான், நண்பகலில் மற்றொரு முறை இறங்கினான், நங்கூரம் அகப்படவில்லை. “கப்பல் மாலைக்குள் புறப்பட வேண்டும், இன்னும் ஒரே ஒரு முறை இறங்கிப் பார்” என்று மேற்பார்வையாளர் சொன்னார். மூன்றாம் முறையும் இறங்கினான். நங்கூரம் கிடைத்தது. ஆனால் முதுகிலிருந்த காற்று குறைந்துவிட்டபடியால், நிற்க வேண்டிய இடங்களில் நிற்காமல் விரைந்து மேலேறி வந்துவிட்டான்.

அன்றிரவு தோளில் வலி கண்டது. பிறகு முழங்காலில் கண்டது. விடியற்காலையில் இடது பாதம் மரத்துப் போயிற்று. தமக்கை, “கடல் முனி அடித்துவிட்டது” என்று அலறிப் பூசாரியை அழைத்து வந்தாள். எலுமிச்சம்பழம் அறுக்கப்பட்டது, தாயத்து கட்டப்பட்டது, தீபாராதனையும் காணிக்கையும் குறைவின்றி நடந்தன.

செய்தி கேட்டு நான் ஓடினேன். சீர்திருத்தம் பேசுகிறவன் அல்லவா? பூசாரியை வெளியே அனுப்பினேன். எலுமிச்சம்பழத்தைக் குப்பையில் எறிந்தேன். மூடநம்பிக்கையைக் கண்டித்து அரைமணி நேரம் பேசினேன். பேசி முடித்த பின் நான் செய்ததென்ன? “இது வெறும் சுளுக்கு, நாளெல்லாம் நீந்தியதால் வந்த தசைப்பிடிப்பு. வாலிபனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?” என்று சொல்லித் தைலத்தைத் தேய்த்துப் படுக்க வைத்தேன். அன்று பிற்பகல் வரை அவன் படுத்தே கிடந்தான். பூசாரி வீணாக்கியது இரண்டு மணி நேரம். நான் வீணாக்கியது அரை நாள்.

இறுதியில் பக்கத்துத் தெரு வைத்தியர் வந்தார். அவர் நாடியைக்கூடப் பிறகுதான் பார்த்தார். முதலில், “தம்பி, நேற்று எத்தனை முறை இறங்கினாய்? எவ்வளவு ஆழம்?” என்று கேட்டார். விடை கேட்டவுடன் அவர் முகம் மாறிற்று. உடனே பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்து, அழுத்த அறையுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். எங்களில் ஒருவருக்கும் தோன்றாத அந்த ஒரு கேள்வியே அவனைக் காப்பாற்றியது.

அக்கேள்வியின் பொருள் என்ன? இதை விளங்கிக்கொள்வதற்குப் பெரிய சாஸ்திரப் படிப்பு வேண்டுவதில்லை. ஒரு சோடாப் புட்டியைப் பார்த்தவர்களுக்கு இது போதும்.

பூமியின்மேல் நிற்கும் நம் தேகத்தின்மீது காற்று மண்டலம் அழுத்திக்கொண்டிருக்கிறது. அவ்வழுத்தத்தை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டாகிறது. 20 மீட்டரில் மூன்று. 35 மீட்டரில் நாலரை. ஸ்கூபாக் கருவியானது சுற்றிலுமுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கும். இல்லாவிடில் மார்பை விரித்து மூச்சிழுக்கவே இயலாது. ஆகவே 35 மீட்டர் ஆழத்தில் ஒருவன் இழுக்கும் ஒரு மூச்சில், கரையில் இழுக்கும் நாலரை மூச்சின் காற்று அடங்கியிருக்கிறது. அக்காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு இருப்பது நைட்ரஜன். அது தேகத்திற்குப் பயன்படுவதில்லை. அழுத்தத்தின் காரணமாக இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் சிறிது சிறிதாகக் கரைந்து நிற்கிறது. நீண்ட நேரம் இருந்தால் நிறையக் கரைகிறது. திரும்பத் திரும்ப இறங்கினால் முன்பு கரைந்தது போகுமுன் மேலும் சேர்கிறது.

சோடாப் புட்டியை மெதுவாகத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறுகிறது. சட்டென்று திறந்தால் நுரைத்துப் பொங்குகிறது. விரைந்து மேலேறியவனுடைய தேகமும் சட்டென்று திறக்கப்பட்ட சோடாப் புட்டியே. கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகின்றது. மூட்டில் குமிழி நின்றால் வலி. முதுகுத்தண்டில் நின்றால் முடம். வேறு சில இடங்களில் நின்றால் மரணம். என் மருமகனை அடித்த முனி இதுதான். இம்முனிக்கு எலுமிச்சம்பழமும் தெரியாது, தைலமும் தெரியாது.

ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு, கல்லைப் பற்றி மன்னார் வளைகுடாவில் இறங்கிய பழைய முத்துக்குளிப்போருக்கு இந்நோய் அரிது. அவர்கள் கரையிலிருந்து கொண்டுபோனது ஒரு நெஞ்சுக் காற்று மாத்திரமே. அடியில் மூச்சுவிடும் வசதி வந்த பிறகே இந்நோயும் பெருகியது. வரமும் ஆபத்தும் ஒரே குழாய் வழியாக வந்தன.

இவ்வுண்மையை மனிதன் எப்படி அறிந்தான் என்பதுதான் என் நெஞ்சைத் தொட்ட வரலாறு. ராபர்ட் பாயில் என்னும் ஆங்கிலோ-ஐரிஷ் விஞ்ஞானி, அழுத்தம் குறைக்கப்பட்ட பாத்திரத்தில் ஒரு விரியன் பாம்பை வைத்தபோது அதன் கண்ணில் ஒரு குமிழி அசைவதைக் கண்டு, 1670-ல் எழுதிவைத்தார். அது வெறும் வேடிக்கையாகவே இருநூறு ஆண்டு கிடந்தது. பின்னர் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பாலத்திற்கு 1870 முதல் அஸ்திவாரம் தோண்டினார்கள். ஆற்றின் அடியில் கவிழ்த்து வைத்த பிரம்மாண்டமான மரப்பெட்டிகளுக்குள், நீர் புகாதபடி காற்றை அடைத்து, கூலியாட்களை உள்ளே இறக்கினார்கள். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் வலியால் முதுகு வளைந்து நடந்தார்கள். அக்காலத்து நாகரிகப் பெண்கள் குனிந்து நடக்கும் ஒயிலை அது ஒத்திருந்ததால், பரிகாசமாக ‘வளைவு’ என்று அந்நோய்க்குப் பெயர் வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர்.

1872-ல் அப்பாலத்தின் பிரதம எஞ்சினீயரான வாஷிங்டன் ரோப்ளிங்கும் அதே நோயால் விழுந்தார். அவர் படுக்கையிலிருந்து சொன்னவற்றை அவர் மனைவி எமிலி அம்மையார் வேலையிடத்திற்குக் கொண்டு சென்று, தாமும் அக்கலையைக் கற்று, 1883-ல் பாலம் திறக்கப்படும் வரை துணை நின்றார். அழுத்தமானது எஞ்சினீயர் என்றும் கூலி என்றும் பார்க்கவில்லை. ஆனால் உலகம் பார்த்தது. ரோப்ளிங்கின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. பெட்டிக்குள் மண் தோண்டி மடிந்தவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்? மலைக்காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் முன்னோரை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது புதிய கதையன்று.

1878-ல் பால் பெர்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர், இந்நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழியே என்று நிரூபித்தார். 1908-ல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பார், வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவன் எங்கெங்கு எத்தனை நிமிஷம் நின்று மேலேற வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணையைத் தம் தோழர்களுடன் வெளியிட்டார். இன்று முக்குளிப்போர் கையிற் கட்டும் சிறு கணக்குப் பொறியும் அவ்வட்டவணையின் சந்ததியே. கூலிகளின் எலும்பாலும் ஆடுகளின் உயிராலும் எழுதப்பட்ட அட்டவணை அது. அதைத்தான் அன்று மாலை, ஒரு நங்கூரத்திற்காக மடித்து வைத்துவிட்டார்கள்.

சரி, மெதுவாக ஏறினால் எவ்வளவு ஆழமும் போகலாமோ என்றால், அதுவும் இல்லை. 1943-ல் பிரான்ஸ் தேசத்தில் ழாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும், எமில் காஞான் என்னும் எஞ்சினீயரும் சேர்ந்து, வேண்டும்போது வேண்டிய அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும் கருவியைச் செய்தார்கள். கப்பலோடு கட்டிய குழாயினின்றும் மனிதன் விடுதலை பெற்று, மீனைப்போல் திரிந்தான். அவ்விடுதலையின் மகிழ்ச்சியிலேயே எல்லையும் தெரிந்தது. 30 மீட்டரைத் தாண்டினால் அழுத்தமேறிய நைட்ரஜன் கள்ளைப்போல் மயக்குகிறது. ‘ஆழத்தின் போதை’ என்று கூஸ்தோவின் குழுவினர் அதற்குப் பெயரிட்டனர். 1947-ல் அக்குழுவைச் சேர்ந்த மொரீஸ் பார்க் என்பவர், எவ்வளவு ஆழம் போகலாம் என்று காண, கயிற்றில் கட்டிய பலகைகளில் கையெழுத்திட்டுக்கொண்டே இறங்கினார். ஏறக்குறைய 120 மீட்டரில் அவர் கையெழுத்து இருந்தது. அவரை உயிரற்றவராகவே மேலே தூக்கினார்கள். அவருக்குத் துணிவு குறைவா? திறமை குறைவா? இரண்டும் இல்லை. காற்றின் சட்டம் அவ்வளவே.

இதைவிட வியப்பான செய்தி, நமக்கு உயிர் தரும் பிராணவாயுவே அழுத்தம் ஏறினால் விஷமாகிறது என்பது. இதையும் பால் பெர்ட்தான் முதலில் கண்டார். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவனுக்கு ஏறக்குறைய 66 மீட்டரில் பிராணவாயு அபாய அளவை எட்டுகிறது. அதன்பின் எந்தக் கணமும் வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு என்றால் மூழ்குதல் என்பதே பொருள். பொழுதுபோக்காக முக்குளிப்போர்க்கு 40 மீட்டரே எல்லை என்று வகுத்திருக்கிறார்கள்.

நம் கடலிலேயே இதற்கோர் அளவுகோல் கிடக்கிறது. 1941-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி, ஜப்பானிய விமானங்களால் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’ என்னும் போர்க்கப்பல், ஏறக்குறைய 68 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடக்கிறது. தோட்டத்து லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கும் தூரம்தான் அது. சமதரையில் ஒரு நிமிஷ நடை. ஆனால் நீரில் செங்குத்தாக அத்தூரம் இறங்கினால், நாம் பிறந்தது முதல் சுவாசித்த காற்றே நமக்குப் பகையாகிவிடுகிறது.

மனிதன் அங்கும் நிற்கவில்லை. நைட்ரஜனுக்குப் பதிலாக மயக்கம் தராத ஹீலியத்தைக் கலந்தான், பிராணவாயுவைக் குறைத்தான். 2005-ல் நூனோ கோமெஸ் என்பவர் எகிப்து தேசத்துத் தஹாப் என்னுமிடத்தில், செங்கடலில், ஸ்கூபாக் கருவியுடன் 318 மீட்டர் இறங்கினார். இறங்கியது கால்மணி நேரத்திற்குள். ஏறி வந்ததோ ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்! இந்த ஒரு கணக்கை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். இறங்குவதன்று வித்தை, இடையிடையே நின்று, பொறுத்து, ஏறி வருவதே வித்தை.

ஹீலியத்திற்கும் எல்லை உண்டு. 150 மீட்டருக்கும் கீழே விரைந்து போனால் கைநடுக்கமும் தலைசுற்றலும் வருகின்றன. அழுத்தம் நரம்புகளையே குலைக்கிறது. 1992-ல் பிரான்ஸ் தேசத்து மார்சேல் நகரில் தியோ மவ்ரோஸ்டோமோஸ் என்பவர், ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் சுவாசித்து, 701 மீட்டர் ஆழத்திற்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கினார். அதுவும் கடலில் அன்று, கரையிலிருந்த இரும்பறையில். சமுத்திரத்தின் சராசரி ஆழமோ ஏறக்குறைய 3,700 மீட்டர். பசிபிக்கின் மரியானா அகழியில் அது 10,900 மீட்டருக்கு மேல். அங்கே மனிதன் போனதுண்டு. 1960-ல் இருவர் போனார்கள். ஆனால் கனத்த இரும்புருண்டைக்குள், கரையின் காற்றையும் கரையின் அழுத்தத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். தன் எல்லையை ஒப்புக்கொண்டவனே அவ்வளவு ஆழம் போனான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மருமகனை அழுத்த அறையில் வைத்து, 18 மீட்டர் ஆழத்திற்கு ஒப்பான அழுத்தத்தை மீண்டும் ஏற்றி, பிராணவாயுவைக் கொடுத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மெல்ல மெல்ல இறக்கினார்கள். மறுநாளும் அவ்வாறே செய்தார்கள். தோள் வலி முற்றும் நீங்கியது. பாதத்தின் மரப்பு முழுவதும் நீங்கவில்லை. இன்னும் முன்னே வந்திருந்தால் முற்றும் நீங்கியிருக்கக்கூடும் என்று அங்குள்ள வைத்தியர் சொன்னார். தமக்கை என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தாயத்துக்காக நான் அவளை ஏசிய வார்த்தைகள் எல்லாம் அந்தப் பார்வையில் எனக்கே திரும்பி வந்தன. தாயத்தை நம்பியது மூடநம்பிக்கை என்றால், துணிவிருந்தால் தேகத்தின் சட்டமும் வளையும் என்று நான் நம்பியது என்ன? கடவுள் பெயரைச் சொல்லாததனால் மாத்திரம் ஒரு நம்பிக்கை பகுத்தறிவாகிவிடாது. விசாரித்து அறிவதே பகுத்தறிவு. நான் விசாரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மருமகன் என்னிடம், “மாமா, இனி ஆழத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லுவார்களோ?” என்று கேட்டான். அவன் கண்ணை நேரே பார்க்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. “தம்பி, அப்படிச் சொல்லுகிறவன் என்னைப்போல் ஆழம் அறியாதவன். அன்று நான் செய்த பிரசங்கத்தை மறந்துவிடு” என்றேன்.

நம் வாலிபர்களில் சிலர் இன்று இத்தொழிலுக்குப் போகிறார்கள். போகட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களைப் பெற்றவர்களும் உற்றவர்களும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். எவ்வளவு ஆழம்? ஒரு நாளில் எத்தனை முறை? அட்டவணையை யார் கவனிக்கிறார்? அழுத்த அறை எங்கே இருக்கிறது? முக்குளித்து வந்தவனுக்கு மூட்டு வலியோ, மரப்போ, தலைசுற்றலோ கண்டால், தைலமும் வேண்டாம், தாயத்தும் வேண்டாம். அக்கணமே வைத்தியரிடம் போய், “இவன் கடலில் இறங்கினவன்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மருமகன் இப்பொழுது இடது காலைச் சிறிது இழுத்தே நடக்கிறான். வேறொரு படகில், இறங்குகிறவர்களுக்கு நேரக்கணக்கு வைக்கும் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் அப்படகிலும் ஒருநாள், “இன்னும் ஒரே ஒரு முறை” என்ற பேச்சு எழுந்ததாம். இவன் எழுந்து அட்டவணையை விரித்துக் காட்டி, “முடியாது” என்றானாம். அன்று யாரும் இறங்கவில்லை. அதை அவன் என்னிடம் சொன்னபோது, பழைய புன்னகை மறுபடியும் அவன் முகத்தில் தோன்றியது.